பாய்மரப் படகில் உலகம் சுற்ற எவ்வளவு நாள் திட்டம் போடணும்?

2025 மே 29, வியாழக்கிழமை ராத்திரி. சாப்பாட்டு மேஜையில் பெரியவள் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. அவள் ஒன்பதாம் வகுப்பு. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவளுக்கு இதுவரை ஒழுங்காகப் புரிந்ததில்லை. "பிராஜக்ட் பிளானிங்" என்று சொன்னால், "அப்படின்னா கம்ப்யூட்டர்ல கோடு போடுறது" என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு முதன்முறையாக என் தொழில் சம்பந்தமான கேள்வி ஒன்று அவளிடமிருந்து வந்தது. விடுவேனா?

கேள்விக்குக் காரணம் அன்றைய செய்தி. நாங்கள் இருக்கும் கோவாவின் மர்மகோவா துறைமுகத்துக்கு அன்று ஒரு பாய்மரப் படகு திரும்பி வந்தது. பெயர் தாரிணி. உள்ளே இருந்தது இரண்டே பேர், இருவரும் கடற்படை அதிகாரிகள். ஒருவர் கோழிக்கோட்டின் தில்னா, இன்னொருவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, எட்டு மாதம் கழித்து, உலகத்தைச் சுற்றிவிட்டு அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"அழகிரிசாமின்னா நம்ம பேரு தானேப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நானும் செய்லிங் கத்துக்கலாமா? லீவுல கிளாஸ் இருக்கு. அப்புறம் நேவி" என்று அடுத்த குண்டைப் போட்டாள்.

தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போன் போட்டபோது அத்தை காதுக்கும் விஷயம் போய்விட்டது. "பொட்டப்புள்ளைய கடல்ல விடுறதுக்கா மாப்ள இவ்வளவு தூரம் போய் உக்காந்து படிக்க வைக்கீங்க?" என்று கேட்டார்கள். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குத்தான் கடல் பயம் அதிகம். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கம். அதனால் அலுவலகத்தில் செய்வதைச் செய்தேன். "கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று வாய்தா வாங்கினேன்.

நிஜமாகவே படித்தேன். இரண்டு மாதம். இந்தப் பதிவு அதில் வந்ததுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

படகில் ஏறி எங்காவது போய்விட்டு வந்தால் உலகம் சுற்றியதாக ஆகாது. அதற்கென்று விதிகள் உண்டு. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். பூமத்தியரேகையை இரண்டு முறையாவது தாண்ட வேண்டும். குறைந்தது 21,600 கடல் மைல் ஓட்டியிருக்க வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்க் குறுக்குவழிகள் கூடாது. எஞ்சினால் தள்ளக் கூடாது, இன்னொரு கப்பல் கட்டி இழுக்கவும் கூடாது.

அது என்ன 21,600? பெரியவள் உடனே கேட்டாள். வட்டத்துக்கு 360 டிகிரி, ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், நிலநடுக்கோட்டில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கடல் மைல். பெருக்கிப் பாருங்கள். கிலோமீட்டரில் சொன்னால் 40,000. உலகத்தின் இடுப்பளவு.

வேகம்? நல்ல படகாக இருந்தால் சராசரியாக மணிக்கு ஐந்தாறு கடல் மைல். அதாவது பத்துப் பதினோரு கிலோமீட்டர். நம்ம ஊரில் கேரியரில் மூட்டையை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பவரின் வேகம். இந்த வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் போனால் ஐந்து மாதம். நடுவே துறைமுகங்களில் நின்று பழுது பார்த்துப் போனால் எட்டு, ஒன்பது மாதம்.

அடுத்தது வழி. மூன்று முனைகளைச் சுற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் லீயுவின் முனை, தென் அமெரிக்காவின் அடியில் கேப் ஹார்ன், தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை. ஏன் மேற்கிலிருந்து கிழக்காக? தெற்கே 40 டிகிரி தாண்டினால் வருஷம் முழுக்க மேற்குக் காற்றுதான். தடுக்க நிலம் இல்லாததால் காற்றும் அலையும் உலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. எங்கள் ஊர் பாஷையில் மேற்குக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். முடிவே இல்லாத கச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் என்றதும் தாத்தா ஞாபகம் வருகிறது. (கொசுவத்தி சுத்தாமல் எந்தப் பதிவுதான் முடிகிறது!) தாத்தா தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கொழும்புக்குப் பாய் விரித்துப் போகும் தோணிகளை எண்ணி அனுப்பியவர். தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். "சரக்கு ரெடியா இருக்கும். முதலாளி அவசரப்படுவாரு. தண்டல் வானத்தைப் பாத்துட்டு இன்னைக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கு மேல பேச்சில்ல" என்பார். சின்ன வயதில் இது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றியது. இப்போதுதான் புரிகிறது, தேதியைத் தீர்மானிப்பது யார் என்பதுதான் திட்டத்தின் முதல் கேள்வி.

உலகப் பயணத்தில் தேதியைத் தீர்மானிப்பது கேப் ஹார்ன். 56 டிகிரி தெற்கில், அண்டார்டிகாவுக்கு எதிரே இருக்கும் முனை. அங்கே கோடைகாலம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்த மூன்று மாதத்துக்குள் அதைத் தாண்டிவிடுவது நல்லது. எனவே ஜனவரியில் ஆரம்பித்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். பசிபிக்கைக் கடக்க ஒன்றரை மாதம். நியூசிலாந்தில் பழுது பார்க்க இரண்டு வாரம். ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்து ஒரு மாதம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா ஒன்றேகால் மாதம். எண்ணிக்கொண்டே வந்தால் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் நம் கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். அதே மாதிரி திரும்பி வருவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதம் முடிவதற்குள். 2025இல் அதற்கும் சோதனை. மழை முந்திக்கொண்டு மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது.

லீவுக்கு ஊருக்குப் போக 60 நாள் முன்னாடி ட்ரெயின் டிக்கெட் போடுவதையே (முன்பு 120 நாள் இருந்தது) பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

பம்பாயில் கட்டிய படகு

தனி ஆளாகப் பாய்மரத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1895இல் பாஸ்டனில் கிளம்பி 1898இல் திரும்பினார். வயலில் கிடந்த பழைய படகு ஒன்றைத் தன் கையாலேயே 13 மாதம் உழைத்துப் புதுப்பித்தார். பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட் என்று சில்லறை வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். கடிகாரம் மட்டும் ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரம், அதுவும் முகப்பு உடைந்ததால் பேரம் பேசிக் குறைத்தது. எங்கே கஞ்சத்தனம் செய்யலாம், எங்கே கூடாது என்று தெரிந்த மனிதர்.

ஆனால் எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றிய முதல் படகின் கதை எனக்கு இன்னும் நெருக்கம். காரணம், அது கட்டப்பட்டது நம் பம்பாயில், கொலாபாவில். பெயர் சுஹைலி. இந்தியத் தேக்கு. 32 அடி நீளம்தான். 1964இல் நீரில் இறங்கியது. கட்டச் சொன்னவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாய் வழியாக ஓடும் கப்பல்களில் வேலை பார்த்த இளம் ஆங்கிலேய மாலுமி. தபாலில் வரைபடம் கேட்டு எழுதினால், அவர்கள் அனுப்பியது வேறொரு பழைய காலத்துப் படகின் வரைபடம். சரி, இதுவும் பலமாகத்தானே இருக்கிறது என்று அதையே கட்டிவிட்டார். 1965இல் பம்பாயிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்கா வழியாக, நடுவே வேலை பார்த்துக் காசு சேர்த்து, 1967இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

1968இல் லண்டன் பத்திரிகை ஒன்று கோல்டன் குளோப் என்ற பந்தயத்தை அறிவித்தது. நிற்காமல், உதவி வாங்காமல், தனியாக உலகைச் சுற்ற வேண்டும். ஜூன் 1க்கும் அக்டோபர் 31க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தது ஒருவர்தான். வேகமே இல்லாத சுஹைலியில் போன நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14 முதல் 1969 ஏப்ரல் 22 வரை, 312 நாள்.

அவருடைய பயணத்தில் எதுவும் உடையவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிளம்பிய சில வாரங்களிலேயே படகின் அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நடுக்கடலில் குதித்து, தண்ணீருக்கு அடியில் பஞ்சைத் திணித்துத் தகடு அடித்து அடைத்தார். குடிநீர்த் தொட்டி கெட்டுப்போனது, மழைத்தண்ணீர் பிடித்தார். ரேடியோ செத்தது. தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைந்தது, பாய்களைச் சரிக்கட்டி ஓட்டினார். நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு பல மாதம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே கரையில் யாருக்கும் தெரியாது. ஆனால் நாலு வருஷமாகக் கூடவே வாழ்ந்த படகு. எது எங்கே இருக்கிறது, உடைந்தால் எதை வைத்துக் கட்டலாம் என்பது கைக்குத் தெரியும்.

அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்று இன்னொருவர். மின்னணுப் பொறியாளர், நாலு குழந்தைகளுக்கு அப்பா. தொழில் நொடித்த நேரம். பந்தயத்தில் ஜெயித்தால் மீளலாம் என்று கணக்கு. பணம் போட்டவரோடு செய்த ஒப்பந்தப்படி, திட்டம் கைவிடப்பட்டால் படகை அவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக மூன்று உடல் கொண்ட படகு ஒன்றை அவசர அவசரமாகக் கட்டினார்கள். செப்டம்பரில்தான் நீரில் இறங்கியது. மூன்று நாளில் முடிய வேண்டிய வெள்ளோட்டம் 13 நாள் இழுத்தது. அதுவே போதுமான எச்சரிக்கை. ஆனால் விதிப்படி கடைசி நாள் அக்டோபர் 31. அந்த 31ஆம் தேதியே கிளம்பினார். கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கென்று அவரே கண்டுபிடித்த கருவிக்கு ஒயர்கள் இணைக்கப்படவே இல்லை. உதிரி சாமான்களில் ஒரு குவியல் கரையிலேயே கிடந்தது.

படகு ஒழுக ஆரம்பித்தது. இந்தப் படகோடு தென்கடலுக்குப் போனால் சாவு, திரும்பினால் கடன். இரண்டும் முடியாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை ரேடியோவில் சொன்னார். 1969 ஜூலை 10ஆம் தேதி ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டபோது உள்ளே யாரும் இல்லை. குறிப்பேடுகள் மட்டும் இருந்தன. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருஷத்துக்கு முன் நான் வேறொரு ஊரில் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், பெரியவர் ஒருவர் வந்து திறந்து வைக்கும் தேதி முதலில் முடிவாகிவிட்டது. வேலை முடியவில்லை. மாற்று பம்ப்பை ஓட்டிப் பார்க்கவே இல்லை. அட்டவணையில் அந்த வரிக்கு எதிரே "முடிந்தது" என்று டிக் போட்டவன் நான்தான். திறந்த ஒன்பதாம் நாள் ஆலை நின்றது. நாலு நாள். யாருக்கும் அடிபடவில்லை, அதனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. குரோஹர்ஸ்டை முட்டாள் என்றோ மோசடிக்காரர் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்டோபர் 31ஆம் தேதியை எனக்குத் தெரியும்.

மாண்டோவி கரையில் மூன்று வருஷம்

இனி நம் நாட்டுக் கதை. 1985-87இல் ராணுவப் பொறியாளர்கள் படை திரிஷ்ணா என்ற படகில் உலகைச் சுற்றி வந்தது. பாய்மரத்தில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் அவர்கள். படகு பிரிட்டனில் வாங்கியது. ஒரு இந்தியர், தனியாக, இந்தியாவில் கட்டிய படகில் சுற்ற வேண்டும் என்பது கடற்படையின் ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவாதியின் கனவு. அதற்கு 2006 ஏப்ரலில் கை தூக்கியவர் கமாண்டர் திலீப் தோண்டே. கடற்படையில் முக்குளிப்பவர். தனியாகப் பெருங்கடலில் பாய்மரம் ஓட்டிய அனுபவம் அப்போது அவருக்குக் கிடையாது. கையில் படகும் இல்லை, படகு கட்டுபவரும் இல்லை.

2006 ஏப்ரலில் சரி என்றவர், பயணம் கிளம்பியது 2009 ஆகஸ்ட் 19. நடுவே மூன்று வருஷம் நாலு மாதம். உலகைச் சுற்ற ஆனது ஒன்பது மாதம், அதிலும் கடலில் இருந்தது 157 நாள்தான். பெரியவளின் கேள்விக்குப் பதில் கேட்டால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். ஒரு நாள் கடலுக்கு ஏழெட்டு நாள் கரை.

கரையில் அப்படி என்ன செய்தார்? முதலில் எடுபிடி வேலை. ஆமாம். ஸ்பெயினின் பில்பாவோவில் அதே நாக்ஸ்-ஜான்ஸ்டன், 67 வயதில், இன்னொரு உலகப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தோண்டே அங்கே போய் அவருடைய கரைக் குழுவில் சேர்ந்து, பொருள் ஏற்றுவதிலிருந்து பழுது பார்ப்பது வரை கூடமாட வேலை செய்து கற்றார். பம்பாயில் படகு கட்டிப் போனவரிடம் நம் ஆள் போய்ப் பாடம் கற்று வந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு படகு. வரைபடம் நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்துடையது. கட்டியவர் ரத்னாகர் தாண்டேகர், கோவாவின் திவார் தீவில். அதுவரை சின்ன ஃபைபர் படகுகள் கட்டிக்கொண்டிருந்த பட்டறை. மரப்பட்டிகளை நடுவில் வைத்து இருபுறமும் ஃபைபர் கிளாஸ் போர்த்திய 56 அடிப் படகு, மாடிக் கட்டிடம் உயரத்துக்குப் பாய்மரம். தோண்டே பக்கத்திலேயே இருந்து பார்த்தார். 2009 பிப்ரவரியில் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. பெயர் மாதேய். மாண்டோவி ஆற்றின் பழைய பெயர்.

படகு கிடைத்ததும் உலகம் சுற்றக் கிளம்பிவிடவில்லை. முதலில் துணைக்கு ஆட்களோடு மொரிஷியஸ் போனார். அவர்களைக் கரையில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். அதுதான் பரீட்சை. உடைந்தது என்ன, ஒழுகியது என்ன, ராத்திரி தனியாக இருக்கும்போது மனசு என்ன சொல்கிறது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் ஃப்ரீமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கே துறைமுகங்களில் நின்று, 2010 மே மாதம் மும்பை திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர்.

அவருக்குக் கரையில் துணையாக இருந்தவர் அபிலாஷ் டோமி. அதே படகில் 2012 நவம்பர் 1 மும்பையில் கிளம்பி, எங்கும் நிற்காமல், 2013 மார்ச் 31 அன்று சுற்றி முடித்தார். நிற்காமல் என்றால் சமையல் சாமானும் தண்ணீரும் ஐந்து மாதத்துக்கு முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும். நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தாலே 150 நாளுக்கு 450 லிட்டர். தகர டப்பாக்களின் காகித லேபிள் ஈரத்தில் கரைந்து போகும். அதனால் அந்தக் காலத்து மாலுமிகள் டப்பா மேலேயே பெயின்டில் எழுதி வைப்பார்கள். இல்லையென்றால் பட்டாணி என்று திறந்தால் பீச் பழம் வரும். தங்கமணி இதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டு ஃப்ரீசர் மாதிரி" என்றாள் :-)

திட்டம் சரியாக இருந்தும்

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒழுங்காகத் திட்டம் போட்டால் ஆபத்தே இல்லையா? எனக்கும் அதுதான் கேள்வி. என் பிள்ளை விஷயம் ஆயிற்றே.

பதில் 2018இல் இருக்கிறது. கோல்டன் குளோப்பின் 50ஆவது ஆண்டை ஒட்டி அதே பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். 1968இல் இருந்த கருவிகள் மட்டும்தான் அனுமதி. ஜிபிஎஸ் கிடையாது, காகித வரைபடமும் சூரியனும் நட்சத்திரமும்தான். அபிலாஷ் கலந்துகொண்டார். படகு துரியா, சுஹைலியின் நகல், கட்டியது அதே திவார் தீவில். செப்டம்பர் 21 அன்று, இந்தியப் பெருங்கடலின் தெற்கே, பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் புயல் பிடித்தது. படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நிற்க முடியாது. அக்கம்பக்கத்தில் யாரும் கிடையாது.

அனுபவத்தில் குறை இல்லை, தயாரிப்பில் குறை இல்லை. கடல் அன்றைக்கு அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவர் பிழைத்ததும் திட்டத்தால்தான். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி படுத்த இடத்திலிருந்தே கைக்கு எட்டியது. எங்கே இருக்கிறார் என்று கரையில் தெரிந்தது. ஆஸ்திரேலிய மீட்பு மையம் ஒருங்கிணைத்தது. அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கும் பி-8ஐ வகை விமானம் ஒன்றைக் கடற்படை மொரிஷியஸுக்கு அனுப்பி, அங்கிருந்து பறந்து படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. முதுகில் டைட்டானியம் வைத்து அறுவை சிகிச்சை, மறுபடி நடக்கப் பழகுதல். 2022இல் அதே பந்தயத்துக்குத் திரும்பினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து முடித்தார். முதலில் வந்தவர் தென் ஆப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர், ஒரு பெண். அத்தைக்கு இதைப் போனில் சொன்னேன். "அதுக்கு?" என்றார்கள்.

புதுச்சேரிப் பெண்ணுக்கு வருகிறேன்

தாரிணியும் திவார் தீவில் கட்டியதே, 2017இல் கடற்படையில் சேர்ந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் வர்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கிளம்பி, 2018 மே 21 அன்று திரும்பினார்கள். கடைசிக் கட்டத்தில் சுக்கான் பகுதியில் பழுது. திட்டத்தில் இல்லாத மொரிஷியஸில் நின்று சரிசெய்துகொண்டுதான் வந்தார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தில்னாவும் ரூபாவும் இருவர் மட்டும். ஒருவர் தூங்கினால் மற்றவர் தனி ஆள்தான். அவர்களின் தயாரிப்பை வரிசையாகப் பாருங்கள். முதலில் குழுவோடு கோவாவிலிருந்து கேப் டவுன், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ரியோ, திரும்பவும் கேப் டவுன் வழியாகக் கோவா. 2022இல் கிளம்பி 2023இல் முடிந்த பயணம். அப்புறம் இருவர் மட்டும் போர்ட் பிளேர். அப்புறம் இருவர் மட்டும் மொரிஷியஸ் போய்த் திரும்பியது, 2024இல். சொல்லிக்கொடுத்தவர் அபிலாஷ் டோமி. நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் தோண்டே, தோண்டேயிடம் அபிலாஷ், அபிலாஷிடம் இந்த இருவர். கொலாபாவில் தேக்குப் பலகை அறுத்த தச்சர்களிலிருந்து வரும் வரிசை இது. அந்தத் தச்சர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் இருபது வருஷமாகத் திட்டம் என்று போடுவதில் தேதிகள் இருக்கின்றன. எது எது உடையும், உடைந்தால் யார், எதை வைத்து, எவ்வளவு நேரத்தில் சரிசெய்வார்கள் என்பது இல்லை. கடலில் பிழைத்தவர்கள் எழுதியது இரண்டாவது பட்டியலை. தேதியை மட்டும் பிடித்துக்கொண்டவர் திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழைய கோவா படித்துறையிலிருந்து ஃபெர்ரியில் திவார் தீவுக்குப் போனோம். ஆற்றைக் கடக்கச் சில நிமிடம்தான். மழைக்காலம், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். தங்கமணி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "என்னங்க, இவ நேவிக்குத்தான் போவேன்னா என்ன பண்ணுவோம்?" என்றாள்.

"இப்போ லீவு கிளாஸ்தானே கேட்டிருக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நான் கேட்டது அது இல்ல."

பதில் சொல்லத் தெரியவில்லை. ரூபாவின் அம்மாவும் அப்பாவும் எட்டு மாதம் எப்படித் தூங்கினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. "நாம முதல்ல நீச்சல் கத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெரியவளிடம் ஒரு நிபந்தனை போட்டேன். கிளாஸில் சேருமுன், அந்தச் சின்னப் படகில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம், போனால் நீ என்ன செய்வாய் என்று எழுதிக் கொடு. அரைப் பக்கம் வரும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கயிறு அறுந்தால், பாய் கிழிந்தால், காற்று நின்றால், காற்று ஏறினால், படகு கவிழ்ந்தால், லைஃப் ஜாக்கெட் கொக்கி உடைந்தால். எல்லாவற்றுக்கும் எதிரே பதில். கடைசி வரி: "அம்மா பயந்தால் — இறங்கியதும் முதலில் போன் பண்ணணும்."

என் அலுவலகத்தில் இப்படி ஒரு பட்டியல் வந்து நான் பார்த்ததில்லை. பணம் கட்டிவிட்டேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.